பால் பவுடர் டப்பாவில் சிக்கிய தெப்பக்குளம்

ஊசித்துளை கேமரா செய்து பார்த்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

பேரனுக்கு வாங்கிய பால் பவுடர் டப்பா காலியானது. உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டி, குளிர்பான டின்னின் தகடை ஒட்டினேன். துளை அந்தத் தகட்டில்தான். ஊசியை முழுசாக இறக்கக் கூடாது, முனை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். மறுபக்கம் எழும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்தேன். துளை 0.4 மி.மீ. வந்தது. டப்பாவின் குறுக்களவு 10 செ.மீ.; அதைத் துளையால் வகுத்தால் எஃப் 250, அதாவது மிகக் குறைந்த வெளிச்சம்தான் உள்ளே போகும். லென்ஸ் கிடையாது. ஷட்டர், கறுப்பு இன்சுலேஷன் டேப்.

ஃபிலிமுக்குப் பதில், வெளிச்சம் பட்டால் கறுக்கும் போட்டோத் தாளைத் துளைக்கு எதிரே உள்ளே வளைத்து வைத்தேன். முதல் தாள் கன்னங்கரேலென்று வந்தது. மூடி இடுக்கில் வெளிச்சம் புகுந்திருக்கிறது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியதும் சரியாகிவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் மதுரை வண்டியூர் தெப்பக்குளம். சுற்றுச்சுவரில் டப்பாவை வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றி, டேப்பை உரித்தேன். நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். ஐந்து மணி வெளிச்சத்துக்கு ஆறு நிமிடம் என்று கணக்கு. ஒரு பையன் வந்து, "மீனுக்குப் பொரி போட வந்தீங்களாண்ணே?" என்றான். போட்டோ எடுக்கிறேன் என்றதும் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்பாமல் எதிரே படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சலித்து எழுந்து போய்விட்டான்.

குளியலறையில் சாமி ரூம் சிவப்பு பல்பை மாட்டி, தாளை டெவலப்பரில் (படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல்) போட்டேன். முதலில் வானம் கறுத்தது. அப்புறம் மைய மண்டபம் மெல்ல மேலே வந்தது, தலைகீழாக. படம் நிலைக்க ஹைப்போ கரைசலில் போட்டு, கழுவி, காயவைத்து, போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாகத் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு அங்கே திருவிழாக் கூட்டம். படத்தில் ஒருத்தர்கூட இல்லை! நடந்தவர் எல்லாரும் கரைந்துவிட்டார்கள். சுண்டல் வண்டி கல் மாதிரி நிற்கிறது, சுண்டல்காரர் மட்டும் புகை. தாள் டப்பாவுக்குள் வளைந்திருந்ததால் படிக்கட்டும் வில்லாக வளைந்துவிட்டது. அந்தப் படியில் பையன் இருக்கிறான். பாதி நேரம் உட்கார்ந்தவன், அதனால் பாதிதான் இருக்கிறான். அவன் சட்டை வழியாகப் படிக்கல்லின் இடுக்கு தெரிகிறது.

போனில் இதைப் போலியாகச் செய்யலாம்தான். எனக்கு அதில் ருசி இல்லை.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்:
அண்ணே, நான் கேமரா செய்ததில்லை, கேமராவுக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அப்பத்தா வீட்டுக் கதவில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று. மத்தியானம் கதவைச் சாத்தினால் எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாக ஓடும். மாட்டுவண்டி சக்கரம் மேலே, மாட்டின் தலை கீழே. பேய் என்று அலறியவனை அப்பத்தா, "அது நம்ம மொக்கையன் வண்டிடா" என்று அடக்கினார். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று வேப்பமரத்தடியில் தரையெல்லாம் பிறை பிறையாக வெயில் கிடந்ததே, அதுவும் இதே வித்தைதான். இலை இடுக்குகள்தான் துளை.

திருப்பரங்குன்றத்திலிருந்து:
நான் பேராசைக்காரன். டின்னுக்குள் தாளை வைத்து, கிழக்கே பார்க்க மொட்டைமாடிக் குழாயில் கட்டி, ஆறு மாதம் விடுவது என்று திட்டம். சூரியன் தினமும் கொஞ்சம் நகர்ந்து உதிப்பது கோடுகோடாகப் பதியும், டெவலப்பரே வேண்டாம். டிசம்பர் கடைசியில் கட்டினேன். மாசியில் குரங்கு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தாள் மட்டும் தண்ணீர்த் தொட்டி அடியில் கிடைத்தது. ஒரு மூலையில் ஏழெட்டுக் கோடு, நடுவில் பல் பதிந்த ஓட்டை. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.