ஏடு அவிழ்த்த அன்று புரிந்த சி.வை.தா.

ஓலைச்சுவடியில் இருந்த பழந்தமிழ் நூல்களை அச்சில் பதிப்பித்தது என்றாலே பேச்சு உ.வே.சா.விடமிருந்துதான் தொடங்கும். எனக்கு அந்த உலகம் சி.வை.தாமோதரம் பிள்ளை வழியாகத்தான் அறிமுகம். அதுவும் தாமதமாக. கல்லூரியில் 'பொருத்துக' பகுதியில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். பிறகு ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் (புரூஃப்) பார்க்கும் வேலையில் இருந்தபோது அவருடைய கலித்தொகைப் பதிப்புரை, அதாவது பதிப்பாசிரியர் முன்னுரை, கையில் கிடைத்தது. சுவடிகளின் நிலையைச் சொல்கிறார்: "ஏடு எடுக்கும்போது ஓரம் சொரிகிறது. கட்டு அவிழ்க்கும்போது இதழ் முரிகிறது." கொஞ்சம் மிகையாக எழுதுகிறாரோ என்று அப்போது நினைத்தேன்.

அந்த வருடமே தாத்தா வீட்டுப் பரணில் ஒரு வைத்தியச் சுவடிக் கட்டு அகப்பட்டது. கயிற்றைத் தொட்டதுமே அது பொடியாகிவிட்டது. மேலேட்டைத் தூக்கினால் விளிம்பு உமி மாதிரி மடியில் உதிர்ந்தது. விளக்குக்கரியும் எண்ணெயும் தடவிய பிறகுதான் எழுத்தே கண்ணுக்குத் தெரிந்தது. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, அதிலும் பாதி ஊகம்தான். இதை அந்த மனுஷன் தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்கும் செய்திருக்கிறாரே!

அதுவும் முழுநேர வேலையாக இல்லை. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்தவர். வட்டுக்கோட்டையில் படித்து, சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவர் அவருடைய ஆசிரியரான விசுவநாத பிள்ளை. வாத்தியாரும் மாணவரும் ஒரே பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார்கள்! அப்புறம் அரசாங்கக் கணக்கு வேலை, கும்பகோணத்தில் வக்கீல் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. இவற்றுக்கு நடுவே வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), சூளாமணி (1889). கிறித்தவராக வளர்ந்து சைவரானவர், பௌத்தர் எழுதிய இலக்கணமான வீரசோழியத்தையும் சமணக் காப்பியமான சூளாமணியையும் அச்சேற்றியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் துணிச்சல்தான். பெரிய பட்டம் சுமப்பவர்கள் பிழை வந்தால் பேர் கெட்டுவிடுமே என்று ஒதுங்குகிறார்கள், அந்தச் சுமை இல்லாத என்னைப் போன்றவர்கள்தான் இதில் கைவைத்தாக வேண்டும் என்கிற ரீதியில் எழுதுகிறார். பணிவு மாதிரி இருக்கும், உள்ளே நல்ல குத்தல்! பிழையும் வரத்தான் செய்தது. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்று அச்சிட்டார். கடைசி இயல்களில் இருப்பது பேராசிரியர் என்ற பெயருள்ள இன்னொரு பழைய உரையாசிரியரின் உரை என்று பிற்பாடு இரா. இராகவையங்கார் காட்டினார். மெய்ப்புத் திருத்தியே சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அச்சில் வந்த பிழையை அடுத்தவர் திருத்தலாம். கரையான் தின்றதை யார் திருத்துவது?

உ.வே.சா.வோடு அவருக்கு இருந்த உறவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். சீவக சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி சி.வை.தா. கேட்டதும், கொடுக்க உ.வே.சா.வுக்கு மனம் வராததும் உ.வே.சா.வின் சுயசரிதையான 'என் சரித்திர'த்திலேயே இருக்கிறது. இதை வைத்து ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்குவதில் எனக்கு ஆர்வம் இல்லை. சிந்தாமணியும் கலித்தொகையும் அதே 1887-ல் வெளிவந்தன. படிக்கிற நமக்கு இரண்டுமே லாபம்தான்.

பதிப்புரைகளின் தொகுப்பு 'தாமோதரம்' என்ற பெயரில் வந்திருக்கிறது. அந்தக் கால நடை முதல் நாலு பக்கம் கொஞ்சம் படுத்தும். கலித்தொகைப் பதிப்புரையிலிருந்து தொடங்குங்கள், வீரசோழியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.