டிசம்பர் மழையில் மன்னவனூர் பக்கம் கூடாரம்: என்னென்ன எடுத்துப் போகலாம்?

வேளச்சேரி_கதிர்:
டிசம்பரில் நாங்கள் நாலு பேர் சென்னையிலிருந்து கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறோம். மன்னவனூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு ராத்திரி கூடாரம், பகலில் சோலைக்காட்டு ஓரமாக நடை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் அங்கேயும் மழை பிடிக்கும் என்று தெரியும், ஆனால் லீவு அப்போதுதான் கிடைக்கிறது. எங்கள் யாரிடமும் ஸ்வெட்டர்கூட இல்லை. தடியாக ஒரு ஜாக்கெட் வாங்கினால் போதுமா? ஜீன்ஸ் போட்டு நடக்கலாமா? தங்கையும் வருகிறாள், அவளுக்குக் குளிர் தாங்காது.

காட்டுப்பாதை:
ஜாக்கெட்டை அப்புறம் பார்க்கலாம் கதிர், முதலில் நனையாமல் இருக்க வழி பாருங்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், டிசம்பர் ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போகும். காய்ந்த உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் நனைந்த துணியோடு காற்றில் நின்றால் 10 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், காட்டன் பனியனும் வேண்டாம், நனைந்தால் காயாது. கிரிக்கெட் ஆடப் போடும் பாலியஸ்டர் டீ-ஷர்ட், அதன் மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை ஸ்வெட்டர்) அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட். பைக்கில் போடும் ரெயின்கோட் மழையைத் தடுக்கும்தான், ஆனால் ஏறும்போது உள்ளே வேர்த்தே நனைந்துவிடுவீர்கள், அதனால் ஏற்றத்தில் ஃபிளீஸைக் கழற்றி வைத்துவிட்டு, நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கென்று ஒரு முழு செட் துணியும் சாக்ஸும் தனியாக, தடியான குப்பைக் கவரில் சுற்றி, முதுகுப்பைக்குள் வையுங்கள். பைக்கு மேலே உறை போட்டாலும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். அந்த செட்டைப் பகலில் தொடவே கூடாது. காலையில் ஈரத் துணியையே மறுபடி மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், கஷ்டமாகத்தான் இருக்கும், நடக்க ஆரம்பித்தால் சூடு வந்துவிடும்.

தங்கை விஷயத்தில் ஒன்று: நடுங்கினால் உடனே நிறுத்தி ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, கால் தடுமாறினாலோ, ஜிப்பைக்கூட இழுக்க முடியவில்லை என்றாலோ அது ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடு ஏறாமலே நடுக்கம் நின்றால் இன்னும் மோசம். காற்றில்லாத இடத்துக்குக் கூட்டிப் போய், ஈரத் துணியை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் படுக்க வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பால் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்பார்கள், ஏறுவது போலத் தெரியுமே தவிர உள்சூடு இறங்கிவிடும்.

மழைக்குருவி:
குளிர் கீழேயிருந்துதான் ஏறும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்பு அழுத்தும் இடத்தில் பஞ்சு நசுங்கிவிடும், அடியில் ஃபோம் பாய் கட்டாயம் வேண்டும். பள்ளத்திலும் ஓடைக் கரையிலும் கூடாரம் போடாதீர்கள், மேலே எங்கோ பெய்தாலும் ஓடையில் தண்ணீர் வந்துவிடும். குளிருகிறது என்று ஜன்னலை முழுசாக மூடினால் மூச்சுக் காற்றே உள்ளே துளித்துளியாகச் சொட்டும், கொஞ்சம் திறந்திருக்கட்டும். கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டு போகவே போகாதீர்கள், புகையே தெரியாவிட்டாலும் அதிலிருந்து வரும் நச்சு வாயுவில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

தாம்பரம்_வாசு:
தோட்டம் பட்டா நிலமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வனத்துறை வழக்குப் போடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் அத்தனை பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு இதில் விளையாட்டே கிடையாது, அது சரியும்கூட. காட்டுக்குள்ளேயே நடக்க ஆசை என்றால், 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம்.

வேளச்சேரி_கதிர்:
ரொம்ப நன்றி. பட்டா நிலம்தான், ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டேன். அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது?

காட்டுப்பாதை:
பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸில் உப்புத் தண்ணீர் தெளியுங்கள், மழை கழுவிவிடும் என்பதால் உப்பு கையில் இருக்கட்டும். கடித்தால் நகத்தால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் வழியும், தங்கையிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.