கோண்டாவில் வீட்டார் (வாட்ஸ்அப் குழு)

சனிக்கு முந்தின நாள், மாலை 6.40

மதுரா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு 5.30க்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் எங்கள் இசை நாடகம். வாடகைக்குப் பேசி வைத்த ஆர்மோனியம் இப்போது இல்லையாம். அப்பப்பாவின் பெட்டி யாரிடம் இருக்கிறது?

சின்னத்தை: பெரியண்ணாவிடம் கேள்

குட்டி அக்கா: போன முறை மாதிரி மூன்று மணி நேரமா?

மதுரா: 2 மணி நேரம் அக்கா. இடைவேளையில் வடை.

கண்ணன்: அப்படியென்றால் வருகிறேன்

பெரியப்பா: பிள்ளை, அந்தப் பெட்டியைப் பற்றி உனக்குச் சரியாகத் தெரியாது. 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் முழு வலிகாமமும் ஒரே இரவில் எழும்பி நடக்கிறது. மழை. என் சைக்கிள் கரியரில் ஒரு பக்கம் நெல் மூட்டை, மறு பக்கம் ஆர்மோனியம். செம்மணி வெளியில் சனம் நகரவே இல்லை, சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்தேன். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்ததும் அப்பா சொன்னார், நெல்லை விடு, பெட்டியை விடாதே என்று. அம்மா அவரோடு மூன்று நாள் பேசவில்லை. இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

சின்னத்தை: அந்த நெல்லை விட்டதால்தான் நானும் அம்மாவும் சாவகச்சேரியில் பாண் வரிசையில் நின்றோம். அதையும் எழுதுங்கள்

ரொறன்ரோ சித்தப்பா: அந்த நேரம் காசு அனுப்பியது யார்?

சின்னத்தை: 89இலேயே போனவர்கள் மழையைப் பற்றிக் கதைக்க வேண்டாம்

குட்டி அக்கா: தொடங்கிவிட்டது 😄

பெரியப்பா: சரி, நாடகம் எங்கள் இடப்பெயர்வு தானே?

மதுரா: இல்லை பெரியப்பா. சிமிர்னா. இப்போது இஸ்மிர் என்கிறார்கள், துருக்கியில். 1922 செப்டெம்பரில் கிரேக்க-துருக்கிப் போர் முடிகிற நேரம் நகரம் எரிந்தது, கிரேக்கச் சனமும் ஆர்மீனியச் சனமும் துறைமுகக் கரையில் கப்பலுக்காக நின்றார்கள். அகதியாகக் கிரேக்கத்துக்குப் போனவர்கள் பிரேயஸ் துறைமுகச் சேரிகளில் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. அவற்றின் சாயலை எங்கள் இசை நாடக மெட்டுகளோடு சேர்த்திருக்கிறோம்.

ரொறன்ரோ சித்தப்பா: நமக்கு அழ ஆள் இல்லை, நீ கிரேக்கனுக்கு அழு

மதுரா: எங்கள் கதையை எழுதினால் நீங்கள் மூன்று பேரும் காட்சிக்குக் காட்சி திருத்தம் அனுப்புவீர்கள் சித்தப்பா

குட்டி அக்கா: முதல் காட்சியே காணி உறுதி தான்

ரொறன்ரோ சித்தப்பா: காணியை இதற்குள் கொண்டு வர வேண்டாம்

சின்னத்தை: வரத்தான் வேணும்

கண்ணன்: 57ஆவது ஒழுங்கையில் கார் விட இடம் இருக்குமா? காலி வீதியில் விட்டால் பொலிஸ் பிடிக்கும்

அம்மா: முச்சக்கர வண்டியில் வா

மதுரா: இரண்டாம் பாதி மற்றப் பக்கம். 1923இல் லோசானில் ஒப்பந்தம் போட்டு, சமயத்தைப் பார்த்துச் சனத்தை மாற்றினார்கள். கிறிஸ்தவர் ஏறக்குறைய 12 இலட்சம் பேர் கிரேக்கத்துக்கு, முஸ்லிம்கள் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் துருக்கிக்கு. கிரீட் தீவு முஸ்லிம்கள் வீட்டில் பேசியது கிரேக்கம். துருக்கி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். போன இடத்தில் இரண்டு பேரையும் வெளியாள் என்றுதான் சொன்னார்களாம்.

கண்ணன்: பாஷை தெரியாமல் எப்படிக் கடைக்குப் போவது

மதுரா: கிரீட் பெண்ணாகப் பாடுவது என் தோழி. அவளுடைய உம்மா யாழ்ப்பாணம், சோனகத் தெரு. 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள், பிறகு புத்தளத்தில் முகாம். அதுவும் ஒக்டோபர் 30.

இரவு 8.05

ரொறன்ரோ சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்னத்தை: வாசித்துவிட்டேன் தம்பி

ரொறன்ரோ சித்தப்பா: இப்போது ஏன் கிளறுவான் என்றுதான் கேட்டேன். பிழையா?

அம்மா: தம்பி, மதுரா சின்னப் பிள்ளை

மதுரா: 27 வயது அம்மா

கண்ணன்: உளுந்து வடையா, கடலை வடையா?

குட்டி அக்கா: கண்ணன்!!

கண்ணன்: என்ன? கேட்கக் கூடாதா?

இரவு 9.20

பெரியப்பா: அப்பாவின் பெட்டிக்குத் துருத்தி தைத்துக் கொடுத்தவர் சோனகத் தெரு ஆள். பெயர் வருகுதில்லை. காசு வாங்க மாட்டார், அப்பா ஒரு பாட்டுப் படிக்க வேண்டும். 91இல் துருத்தி கிழிந்தது. தைக்க ஆள் இல்லை. சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். 95இல் நான் சுமந்தது அந்த ஒட்டுப் போட்ட பெட்டியைத்தான்.

சின்னத்தை: இதை இத்தனை வருசமாகச் சொல்லவே இல்லை அண்ணா

பெரியப்பா: யாரும் கேட்கவில்லை

பெரியப்பா: அந்த உம்மா ஞாயிறு வருவாரா?

மதுரா: வருவார். புத்தளத்திலிருந்து வாகனம் பிடித்து வருகிறார்கள்.

பெரியப்பா: சரி

மதுரா: பெட்டி எங்கே பெரியப்பா?

பெரியப்பா: டிவிக்குக் கீழே. மேலே துணி போட்டிருக்கிறது. இரண்டு கட்டை பேசாது, காற்றும் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது. நாளைக் காலை வா. ஆனால் டிவியை எதன் மேல் வைக்கிறது என்று பெரியம்மா கேட்கிறாள்.

கண்ணன்: ஸ்டூல் ஒன்று இருக்கிறது, ஒரு கால் ஆடும்

ரொறன்ரோ சித்தப்பா: திருத்துகிற செலவை நான் போடுகிறேன்

சின்னத்தை: முதலில் மதில் கட்டின காசை அனுப்பு

மதுரா: நாளை 9 மணிக்கு வருகிறேன் பெரியப்பா. டிக்கெட் எத்தனை பேருக்கு? ஒருவரும் சொல்லவில்லை.

குட்டி அக்கா: 3, இல்லை 4, பொறு இவரைக் கேட்டுச் சொல்கிறேன்

சின்னத்தை: எனக்கு முன் வரிசை வேண்டாம், ஏசி நேரே முகத்தில் அடிக்கும்