லேப்டாப்பில் திருவிழா வீடியோ இருட்டாகத் தெரிகிறது

கேள்வி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம், தோட்டக் கோயில் ரத ஊர்வலம், இரவில் ஐபோன் 13-இல் எடுத்தது. போனில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. விண்டோஸ் 11 லேப்டாப்பில் வி.எல்.சி.யில் போட்டால் மங்கல், சாம்பல் பூத்த மாதிரி. எச்.டி.எம்.ஐ. கேபிளில் மண்டபத்து டிவிக்கு விட்டால் தலைமுடியும் பின்னால் உள்ள செம்பனை மரங்களும் ஒரே கறுப்புத் திட்டு. பிரைட்னஸ் ஏற்றினால் வானம் வெளுக்கிறது. சனிக்கிழமை எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும்.

பதில் 1:
இது இரண்டு கோளாறு, ஒன்றாகப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு முகத்தில் வீடியோவை நிறுத்தி, விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் அழுத்திப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போனுக்கு அனுப்புங்கள். போனிலும் மங்கலாக இருந்தால் குறை ஃபைலிலோ பிளேயரிலோதான். அங்கே நன்றாக இருந்தால் லேப்டாப் திரையின் வெளிச்சம்தான் குறைகிறது: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, பிரைட்னஸ் போய், படத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் வசதியை 'ஆஃப்' செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது இருட்டுக் காட்சிகளில் இது அதிகம் தொல்லை தரும்.

சாம்பல் பூத்த மாதிரி என்கிறீர்கள், அதனால் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருட்டையும் அகன்ற அளவில் பதியும் முறை) மேல்தான் என் சந்தேகம். ஐபோன் 12 முதல் அந்த வசதி உண்டு. வி.எல்.சி.யில் கண்ட்ரோல் + ஜே அழுத்துங்கள், பி.டி. 2020, பி.க்யூ., எச்.எல்.ஜி. என்ற எச்.டி.ஆர். அடையாளங்களில் ஏதாவது இருந்தால் அதுதான். சாதாரணத் திரைக்கு ஏற்றபடி அதை மாற்றிக் காட்ட வேண்டும். எம்.பி.வி. பிளேயர் தானாகவே மாற்றும், அதில் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை எடுக்கும் முன் போனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ போய் எச்.டி.ஆர். வீடியோவை அணைத்து விடுங்கள்.

பதில் 2:
டிவியில் வரும் கறுப்புத் திட்டு வேறு விஷயம். கறுப்பு முதல் வெள்ளை வரையான வெளிச்சத்தை லேப்டாப் 0 முதல் 255 வரை எண்களாக அனுப்புகிறது, டிவி 16 முதல் 235 வரைதான் எதிர்பார்க்கிறது. 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். தலைமுடியும் செம்பனையும் அங்கேதான் காணாமல் போகின்றன. டிவி மெனுவில் 'பிளாக் லெவல்' இருந்தால் இருக்கும் நிலைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், முடி தெரியும் நிலையில் விடுங்கள். அது இல்லையென்றால் லேப்டாப் பக்கம்: என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்', இன்டெல் என்றால் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்', இரண்டிலும் 'லிமிடெட்'. ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் படம் வெளுத்துவிடும்.

பதில் 3:
இவ்வளவுக்குப் பிறகும் இருட்டு மிச்சம் இருந்தால் காமாவைத் தொடுங்கள், பிரைட்னஸை அல்ல. பிரைட்னஸ் எல்லா இடத்திலும் ஒரே அளவு கூட்டும், அதனால்தான் உங்கள் வானம் வெளுத்தது. காமா 0-ஐயும் 255-ஐயும் தொடாமல் நடுத்தர வெளிச்சத்தை மட்டும் தூக்கும்: 1.3 வைத்தால் 64 என்ற அளவு 88 ஆகும். வி.எல்.சி.யில் கண்ட்ரோல் + ஈ, வீடியோ எஃபெக்ட்ஸ், 'இமேஜ் அட்ஜஸ்ட்' டிக் போட்டு நகர்த்துங்கள். எம்.பி.வி.யில் 6 ஏற்றும், 5 இறக்கும். 1.4-க்கு மேல் போனால் இரவுக் காட்சியில் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. எச்.எல்.ஜி. என்றுதான் காட்டியது. எம்.பி.வி.யில் சாம்பல் போய்விட்டது. டிவியில் பிளாக் லெவலை மாற்றியதும் முடி தனியாகத் தெரிகிறது. செம்பனைக்கு காமாவை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன்.