அட்லாண்டா ஆபர்ன் அவென்யூ பக்கம் வீடு வாங்கலாமா?

கேள்வி: ஆபர்ன் அவென்யூ ஓடும் ஓல்ட் ஃபோர்த் வார்டு பகுதியில் பழைய வீடு ஒன்று பார்த்திருக்கிறோம், டவுன்டவுனுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடத்தில் நாமும் போய் விலையை ஏற்றிவிடுகிறோமோ என்று மனைவிக்கு உறுத்தல். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்: உறுத்தல் நியாயம்தான். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த தெரு ஆபர்ன் அவென்யூ, 1956-ல் ஃபார்ச்சூன் இதழ் உலகின் பணக்காரக் கறுப்பினத் தெரு என்றே எழுதியது. அப்புறம் நெடுஞ்சாலையைக் கொண்டுவந்து நடுவே வெட்டிவிட்டார்கள், பாலத்துக்கு அடியில் நடந்து பாருங்கள், இரண்டு பக்கமும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும். 2012-ல் பழைய ரயில் தடத்தில் போட்ட பெல்ட்லைன் நடைபாதை இந்தப் பக்கம் திறந்தபின் விலை எகிறியது. எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு வீடு சொந்தம், கடன்கூட இல்லை, சொத்து வரிதான் கழுத்தை நெரிக்கிறது.

பதில்: வாங்குங்கள். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் மட்டும் கடந்து போகாதீர்கள். கிங் பிரசங்கம் செய்த எபினேசர் தேவாலயம் பக்கத்தில் என்றால் ஞாயிறு காலை ஆராதனைக்குக் காரை எடுக்கவே வேண்டாம்.

கேட்டவர்: சரி, ஜன்னல்களை மாற்ற முடியுமா? எல்லாம் உளுத்துப்போயிருக்கிறது.

பதில்: வீடு, பழைய கட்டடங்களைக் காக்க கிங் பெயரில் ஒதுக்கிய வட்டாரத்துக்குள் வந்தால் வெளித்தோற்றத்தில் கைவைக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள்.