வீட்டு முன்னால் கடலைமிட்டாய்ப் பட்டறை, கைப்பிள்ளைக்குக் கரப்பான்: கடலை கொடுக்கலாமா?

கரிசல் மருமகள்:

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டின் முன்பக்கமே மாமாவின் கடலைமிட்டாய்ப் பட்டறை. கடலை வறுப்பது, தோல் புடைப்பது, பாகு காய்ச்சுவது எல்லாம் அங்கேதான். புடைக்கிற நேரத்தில் தூசி நடுவீடு வரை வரும்.

மகனுக்கு இப்போது ஐந்து மாதம். மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். சொறிந்து சொறிந்து நீர் கசிகிறது. டாக்டர் எக்ஸிமா என்று சொல்லி ஆயின்ட்மென்ட் தந்தார். போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. கடலை கரப்பான் பண்டம் என்று அத்தை எனக்கே கடலைச் சட்னியை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்கு மூன்று வயசு வரை கண்ணில் காட்டக் கூடாதாம். ஆனால் அவனைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் செக்குக் கடலை எண்ணெயைத்தான் உடம்பு முழுக்கத் தேய்க்கிறார்கள்.

நாத்தனார் மகளுக்கும் சின்னதில் இதே மாதிரி கரப்பான் இருந்தது, இப்போது வீசிங். அதை நினைத்தால்தான் பயம். லண்டனில் ஒரு டாக்டர் கைக்குழந்தைகளுக்குக் கடலை கொடுத்தே அலர்ஜி வராமல் தடுத்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? எங்களைப் போன்ற வீட்டுக்குப் பொருந்துமா?

சங்கரன்கோவில் அண்ணாச்சி:

தங்கச்சி, வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்களாக எதையும் ஊட்டிவிடாதீர்கள். என் பேத்திக்கு முதல் முதலாக முட்டை கொடுத்த அன்று உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடலை இன்னும் மோசம் என்பார்கள். டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பாளை சிஸ்டர்:

அண்ணாச்சி சொல்வது சரி, டாக்டரிடம் கேட்காமல் கூடாது. ஆனால் கேட்காமலே தள்ளிப்போடுவதும் கூடாதும்மா. நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த ஆராய்ச்சியை ஆரம்பத்திலிருந்தே படித்து வருகிறேன். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அந்த டாக்டர் பெயர் கிடியன் லாக், லண்டன் கிங்ஸ் காலேஜ் பேராசிரியர். இஸ்ரேலில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, கடலை அலர்ஜி உள்ள குழந்தையை யாரெல்லாம் பார்த்திருக்கிறீர்கள் என்று அங்கிருந்த டாக்டர்களைக் கேட்டிருக்கிறார். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கை தூக்கினார்களாம். லண்டனில் கேட்டிருந்தால் அநேகமாக எல்லாக் கையும் உயர்ந்திருக்கும். இரண்டு ஊரிலும் யூதக் குழந்தைகளையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் வெளியிட்டார். வம்சம் ஒன்று, ஆனால் இங்கிலாந்துக் குழந்தைகளிடம் கடலை அலர்ஜி 10 மடங்கு அதிகம். இஸ்ரேல் குழந்தைகள் பல் முளைக்கும் முன்பே கடலை கலந்த சோளப்பொரி ஒன்றைச் சப்பித் தின்கிறார்கள். இங்கிலாந்திலோ, வீட்டில் அலர்ஜி இருந்தால் மூன்று வயது வரை கடலை வேண்டாம் என்பதே அன்றைய அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2000இல் அப்படித்தான் சொல்லி, 2008இல் அதைத் திரும்பப் பெற்றது. உங்கள் அத்தை சொல்கிற அதே மூன்று வயதுக் கணக்கு.

அடுத்துச் செய்ததுதான் பெரிய வேலை. 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகள். எல்லாருக்கும் கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உண்டு. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள்தான். குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குக் கடலையே கிடையாது, மீதிப் பேருக்கு வாரம் மூன்று வேளையாவது கடலை. ஐந்து வயதில் சோதித்தபோது, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி. தின்றவர்களில் 3.2 தான். 2015இல் வந்த அந்த முடிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே பிள்ளைகளை வளர்ந்த பிறகும் சோதித்து 2024இல் எழுதினார்கள். ஆறு வயதுக்கு மேல் அவரவர் இஷ்டப்படி தின்றோ தின்னாமலோ இருந்தும், சின்னதில் தவிர்த்தவர்களில் 15.4 சதவீதம், தின்றவர்களில் 4.4 என்று வித்தியாசம் நின்றது.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். லாக் சொல்லும் காரணம் இது: உணவு வயிறு வழியாகப் போனால் உடம்பு அதைப் பழகிக்கொள்கிறது. புண்பட்ட தோல் வழியாகப் போனால் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. கரப்பான் தோல் என்பது வேலி பிரிந்த தோட்டம், எதுவும் நுழையும். கடலை எண்ணெய் சேர்ந்த களிம்பு தடவிய குழந்தைகளிடம் கடலை அலர்ஜி கூடுதலாக இருந்ததை அவரே 2003இல் காட்டினார். வீட்டில் மற்றவர்கள் தின்கிற கடலை தூசியாகப் படிந்து குழந்தையின் தோலைத் தொடுவதையும் அவர் குழு தனியாக ஆராய்ந்தது. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது பாருங்கள். பட்டறைத் தூசி, அதற்கு மேல் கசியும் தோலில் செக்கு எண்ணெய், ஆனால் வாய்க்கு மட்டும் தடை. இந்தச் சேர்க்கைதான் என்னைப் பயமுறுத்துகிறது. எண்ணெய்த் தேய்ப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். டாக்டர் தந்த ஆயின்ட்மென்டைச் சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கள். தோல் காயாமல் இருக்க எந்த கிரீம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புடைக்கிற நேரம் பிள்ளையைப் பின்கட்டில் வைத்திருங்கள். பட்டறையில் நின்றவர்கள் கை கழுவி, சட்டை மாற்றிவிட்டுத் தூக்கட்டும்.

நீங்கள் கடலைச் சட்னி சாப்பிடலாம். பால் கொடுக்கிற தாய் கடலையைத் தவிர்த்தால் பிள்ளைக்கு அலர்ஜி வராது என்பதற்கு ஆதாரம் இல்லை.

கரிசல் மருமகள்:

சிஸ்டர், எண்ணெயை நிறுத்திவிட்டேன். அத்தை கொஞ்சம் முகம் சுளித்தார்கள், மாமாதான் உங்கள் பதிலைப் படித்துக் காட்டிச் சமாதானம் செய்தார். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? கடலைமிட்டாயைத் தூளாக்கிக் கொடுக்கலாமா என்று மாமா கேட்கிறார். அப்புறம், கடலை கொடுத்தால் வீசிங்கும் வராமல் இருக்குமா?

பாளை சிஸ்டர்:

வீசிங்குக்கு இது மருந்து இல்லைம்மா. அந்த ஆய்வில் கடலை தின்ற பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி மட்டும்தான் குறைந்தது, ஆஸ்துமா குறையவில்லை. கரப்பான் உள்ள பிள்ளைக்குப் பின்னால் இளைப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதும் உண்மை. எல்லாருக்கும் வருவதில்லை. வந்தால் இன்ஹேலருக்குப் பயப்படாதீர்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: "கரப்பான் கடுமையாக இருப்பதால் முதல் முறை கடலை கொடுக்கும் முன் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ வேண்டுமா, எந்த மாதத்தில் தொடங்கலாம்?" இதைக் கட்டாயம் கேளுங்கள். தோல் பரிசோதனை என்றால் கடலைச் சாறு ஒரு துளி வைத்துத் தோலை லேசாகக் குத்திப் பார்ப்பது. அதில் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த குழந்தைகளை லாக் தன் ஆய்விலேயே சேர்க்கவில்லை. உங்கள் மகனுக்கு அப்படி வந்தால் வீட்டில் தொடவே கூடாது.

சரி என்று டாக்டர் சொன்னால், முதலில் கஞ்சி, பருப்பு மசியல் எல்லாம் பழகட்டும். மிட்டாய் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள், வெல்லமும் வேண்டாம். முழுக்கடலை, உடைத்த கடலை எதுவுமே ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். பட்டறையில் பூஞ்சை பிடிக்காத நல்ல கடலையாகப் பொறுக்கி, வறுத்து, தோல் நீக்கி, மைய அரைத்து, வெந்நீரில் தண்ணீராகக் கரைத்துக் கஞ்சியில் சேருங்கள். சளி, காய்ச்சல் இல்லாத நாளில், பகலில், ஸ்பூன் நுனியளவு. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மிச்சம். அப்புறம் இரண்டு மணி நேரம் கூடவே இருங்கள். ஒத்துக்கொண்டால் விட்டுவிடக் கூடாது, வாரம் மூன்று வேளையாவது தொடர வேண்டும். ஆய்வில் கொடுத்தது வாரம் 6 கிராம் கடலைப் புரதம், ஏறக்குறைய 25 கிராம் கடலை.

தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், இருமல், மூச்சிரைப்பு, பிள்ளை துவண்டு போவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். மூச்சுத் திணறினாலோ துவண்டாலோ 108. அந்த நேரத்தில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. வீட்டில் அவில் போன்ற அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

சங்கரன்கோவில் அண்ணாச்சி:

சிஸ்டர், என் பேத்திக்கு முட்டை அலர்ஜி என்றேனே. அவள் இதுவரை கடலை தின்றதில்லை. வயது இரண்டு ஆகப்போகிறது. அவளுக்கும் பார்க்க வேண்டுமா?

பாளை சிஸ்டர்:

பார்க்க வேண்டும் அண்ணாச்சி. முட்டைக்கு உதடு வீங்கிய பிள்ளைக்கு வீட்டில் கடலை கொடுத்துப் பார்க்கவே கூடாது. அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், முட்டைக்கும் கடலைக்கும் சேர்த்தே சோதித்துவிடுவார்கள். முட்டை அலர்ஜி நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே போய்விடுகிறது, அதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.