டெய்சி – பூவா, முத்தா? பழைய பதிவேடு பார்த்தவர்கள் உதவுங்கள்

பெயர்களுக்குப் பொருள் தரும் பட்டியல் ஒன்றில் 'டெய்சி' என்ற பெண் பெயரின் பதிவைச் சரிசெய்ய வேண்டும். பல இடங்களில் 'முத்து' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். அது தவறு, ஆனால் காரணமில்லாத தவறு அல்ல.

டெய்சி என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்'. புல்வெளியில் பூக்கும் சிறு வெள்ளைப் பூ அது. நடுவில் மஞ்சள் வட்டு. காலையில் இதழ் விரிந்து, அந்தியில் கூம்பிவிடும். கண் திறந்து மூடுவது போல. அதனால்தான் அந்தப் பெயர்.

முத்து எங்கிருந்து வந்தது? மார்கரெட் என்ற பெயரிலிருந்து. கிரேக்கத்தில் மார்கரிட்டேஸ் என்றால் முத்து. அதன் பிரெஞ்சு வடிவமான மார்கெரிட் அங்கே டெய்சி வகைப் பூ ஒன்றுக்கும் பெயர். ஆகவே இங்கிலாந்தில் மார்கரெட்டுகளைச் செல்லமாக டெய்சி என்றார்கள். 1882இல் பிறந்து, பின்னர் சுவீடன் பட்டத்து இளவரசியான பிரிட்டிஷ் அரச குடும்பத்து கன்னாட் மார்கரெட்டுக்கும் வீட்டில் டெய்சிதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூப்பெயர் மோகம் வந்ததும் டெய்சி தனிப் பெயராகவும் நின்றுவிட்டது.

தேவைப்படுவது இதுதான்: 1920க்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டில் மார்கரெட் என்றும், திருமணப் பதிவிலோ கல்லறையிலோ டெய்சி என்றும் வரும் ஒரே ஆளின் பதிவுகள். தமிழ்நாட்டுத் தேவாலயப் பதிவேடுகள் என்றால் இன்னும் நல்லது. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பெற்றோர் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும். அக்கா மார்கரெட், தங்கை டெய்சி என்று ஒரே வீட்டில் இருவர் இருந்தால் எல்லாம் குழம்பிவிடும். ஆண்டு, ஊர், எழுத்துக்கூட்டல் மூன்றையும் உள்ளபடியே எழுதுங்கள். குடும்பப் பெயர் வேண்டாம்.